மலையேற்றுப் பாட்டு

சனிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்த மகிழினி வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து, சுவரோரமாக வைத்திருந்தாள். அதுவே பெரிய அதிசயம். இரண்டாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பெண் இதுநாள்வரை ஒரு செருப்பை வாசலிலும் இன்னொன்றை அடுப்படியிலுமாகத்தான் உதறியிருக்கிறாள். இன்றைக்கு முதுகுப் பையைக்கூட இறக்காமல், இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டு, உள்ளே வெங்காயம் அரிந்துகொண்டிருந்த கலைமணியைப் பார்த்துக் கேட்டாள்.

"உள்ள வரலாங்களா?"

கலைமணிக்குச் சிரிப்புத்தான் வந்தது. டீச்சர் ஏதோ மரியாதைப் பாடம் நடத்தியிருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டு, "வாங்க மகாராணி, வாங்க" என்றாள். சொன்ன பிறகுதான் குழந்தை படியேறியது. பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் முழங்கால் இரண்டையும் ஒட்டி வைத்து உட்கார்ந்தது. பொரி கொடுத்தபோது, "எதுக்குங்க சிரமம்" என்றது. தின்று முடித்ததும் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தது. ராத்திரி படுக்கும்போது அம்மாவின் வயிற்றின்மேல் காலைத் தூக்கிப் போடாமல், பாயின் ஓரத்தில், சுவரைப் பார்த்து ஒடுங்கிக்கொண்டது. கலைமணி இழுத்து அணைத்துக்கொண்டாள். தலைமுடியில் தேங்காய் எண்ணெய் வாசம் இல்லை. கிணற்றுப் படிக்கட்டில் வழுக்குமே, அந்தப் பாசியின் வாடையும், பழைய கதம்பத்தின் வாடையும் அடித்தது.

கணவன் குமாருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. போனில் சொன்னபோது, "புள்ள அடக்கமா இருந்தா அதுக்கும் குறையா?" என்று சிரித்துவிட்டு வைத்தான். அவன் சிரித்ததில் தப்பில்லை, அவளும் முதல் நாள் சிரித்தவள்தான்.

கலைமணி இண்டூருக்கு வெளியே ஏழூர் வானொலியில் நிகழ்ச்சிப் பொறுப்பாளர். பெயர்தான் பெரிது. ஒரு மாடி வீடு, மொட்டை மாடியில் ஒரு கம்பம், சத்தம் புகாமலிருக்க முட்டை அட்டை ஒட்டிய ஒரு பதிவறை, அதற்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் நடுவில் கனத்த இரட்டைக் கண்ணாடி. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்றளவுக்குக் கேட்கும். அந்தச் சுற்றளவுக்குள் எத்தனை வகை மனிதர்கள் உண்டோ அத்தனை பேருக்கும் வாரத்தில் அரை மணி நேரம் உண்டு. கன்னடம் பேசுகிறவர்கள் வீட்டுக் களி கிண்டும் பாட்டு, தெலுங்குக்காரர்களின் கோலாட்டம், மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களின் அறுப்புப் பாட்டு, வஹிதா நடத்தும் உருது நிக்காஹ் பாட்டு என்று எல்லாம் வரும். அங்கே ஒரே ஒரு சட்டம்தான். ஒருவருடைய நேரத்தை இன்னொருவர் தின்னக் கூடாது. அந்தச் சட்டத்தை எழுதி ஒட்டியவள் கலைமணி, அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன வெள்ளிக்கிழமை ஒலிபரப்பானது பூவாடை அழைப்பு.

இந்தப் பக்கத்தில் கல்யாணம் வைத்தால் முதலில் பூவாடை அழைப்பார்கள். அந்தக் குடும்பத்தில் பூவும் பொட்டுமாகச் செத்துப்போன ஒருத்தியை ஏரிக்கரையிலோ கிணற்றடியிலோ நின்று, பம்பை அடித்து, பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவள் யார் மேலாவது இறங்குவாள். நாலு வார்த்தை பேசுவாள், அழுவாள், சேலை கேட்டு வாங்கிக்கொள்வாள். கலசத் தண்ணீரில் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்து கும்பிட்டு, எல்லாம் ஆனதும் மலையேற்றுப் பாட்டுப் பாடி அனுப்பி வைப்பார்கள். சாமி இறங்கியவர் தொப்பென்று விழுந்து, எழுந்து, "எனக்கு என்னாச்சு?" என்று திருதிருவென்று விழிப்பார். பிறகு எல்லோரும் சாப்பிடப் போவார்கள்.

பாட வந்தவர் அதியமான்கோட்டைப் பக்கத்துப் பம்பைக்காரர் மாரப்பன். பதிவறையில் மைக்குக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, பம்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "யாரு பேரைச் சொல்லி அழைக்கட்டும்மா?" என்று கேட்டார்.

"பேரெல்லாம் வேண்டாங்கண்ணா. பேரு சொன்னா இன்ன குடும்பம், இன்ன ஜாதின்னு ஆயிடும். நம்ம ரேடியோ எல்லாருக்கும் பொதுவுங்க. பொதுவாவே கூப்பிடுங்க."

மாரப்பன் கழுத்தைச் சொறிந்தார். "பொதுவாக் கூப்பிட்டா எவ வர்றான்னு நமக்கு எப்பிடிம்மா தெரியும்? அழைக்க ஆளில்லாம கெடக்கறதுங்க நெறைய இருக்குது. கெணத்துல வுழுந்தது, ஏரியோட போனது, பொறந்த வூட்டுக்கும் ஆகாம புகுந்த வூட்டுக்கும் ஆகாமப் போனது..."

"ரேடியோதானுங்கண்ணா. நெசமாவா வரப்போறாங்க?"

அவரும் சிரித்துவிட்டார். "அதுவுஞ் சரிதான். ஆனா மலையேத்திட்டுத்தான் பம்பையைக் கீழ வெப்பேன். அதை மட்டும் வுட்டுறாதீங்க."

அவர் மலையேற்றினார், குரல் கம்ம, கண் மூடி, அழகாகப் பாடினார். ஆனால் மொத்தமாக முப்பத்தைந்து நிமிடம் வந்துவிட்டது. அடுத்தது வஹிதாவின் நேரம். கலைமணி கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எங்கே வெட்டலாம் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அழைப்பில் கைவைக்க மனம் வரவில்லை, அதுதான் உச்சம். கடைசியில் மலையேற்றை அப்படியே எடுத்துவிட்டாள். டிஸ்க்கில் இடமில்லை என்று மூலப் பதிவையும் அழித்தாள். எந்த நிகழ்ச்சிக்கும் அவள் செய்கிற வேலைதான்.

வெள்ளி சாயங்காலம் ஒலிபரப்பானபோது மகிழினி வீட்டில் ரேடியோவுக்குப் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மாவின் நிகழ்ச்சி என்றால் அவளுக்கு உயிர்.

இதையெல்லாம் கலைமணி முதலில் முடிச்சுப் போட்டுப் பார்க்கவேயில்லை. திங்கள்கிழமையும் குழந்தை வாசலில் நின்றது. அனுமதி கேட்டது. செவ்வாய்க்கிழமை அவள் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் அடுப்படியில் இருந்தாள். எவ்வளவு நேரம் போயிற்றோ, எட்டிப் பார்த்தால், இருட்டிக்கொண்டு வரும் வெளிச்சத்தில் குழந்தை அதே இடத்தில், அதே கைகோப்போடு, கொசு கடித்தும் அசையாமல், அவளைப் பார்த்துப் புன்னகைத்தபடி நின்றிருந்தது. அந்தப் புன்னகை ஏழு வயசுப் பிள்ளையுடையது அல்ல. பிறர் வீட்டில் அண்டிப் பிழைக்கிறவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

தருமபுரியில் டாக்டரிடம் காட்டினாள். பள்ளியில் எதற்கோ பயந்திருக்கும் என்று சிரப் எழுதிக் கொடுத்தார். கோயிலில் கயிறு கட்டினாள். கட்டிய கயிற்றைக் குழந்தை தடவிப் பார்த்து, "நல்லாருக்குதுங்க, எனக்கு யாரும் வாங்கிக் குடுத்ததில்லீங்க" என்றது. அன்றைக்குக் கலைமணி குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

புதன்கிழமை வஹிதா போன் செய்தாள்.

"அக்கா, அன்ஜும் வாசல்ல நிக்கிறாக்கா. உள்ள வரலாமான்னு கேக்குறா. என் புள்ளைக்கு அஞ்சு வயசுக்கா. என்னைய அம்மான்னு கூப்புட மாட்டேங்குறா."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்க வூட்ல ரேடியோ ஓடுச்சா?"

"நம்ம ரேடியோதான் எப்பவும் ஓடுமேக்கா."

எத்தனை வீடு? சலூன், டீக்கடை, மாட்டுக் கொட்டகை, ஆட்டோ, எங்கெல்லாம் ஓடியிருக்கும்? நேயர்கள் இப்போதெல்லாம் போனே செய்யவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாட்டு நன்றாயில்லை என்று திட்டுகிறவர்கள்கூட அந்த வாரம் முழுக்கக் கூப்பிடவில்லை. எல்லா வீடுகளிலும் யாரோ ஒருவர் மரியாதையாக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்களோ என்னவோ.

அன்று மாலை பதிவறைக்குள் தனியாகப் போய் உட்கார்ந்தாள். எங்காவது மிச்சம் இருக்குமா என்று, ஒலிபரப்பான துண்டைக் காதுக் கருவியில் போட்டுக் கேட்டாள். பம்பை உச்சத்துக்கு ஏறியது. மாரப்பன், "வாடியம்மா, வந்திறங்கு" என்றார். வெட்டு. அதற்குப் பின்னால் வெறும் இரைச்சல். நிறுத்துவதற்காக நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். இரைச்சலுக்கு அடியில், சுவருக்கு அப்பாலிருந்து வருவதுபோல, ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுகிற அந்த அழுகை அவளுக்குத் தெரியும்.

"அம்மா. இங்க இருட்டா இருக்குதும்மா. என்னையக் கூட்டிட்டுப் போ."

மகிழினியின் குரல்.

கலைமணி மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். முட்டை அட்டைகள் அவள் குரலை விழுங்கிக்கொண்டன. அழுகை மட்டும் போய்க்கொண்டே இருந்தது. வீட்டில் அப்போது பக்கத்து வீட்டம்மாள் காவலில், அவள் பெற்ற பிள்ளையின் உடம்பு யாரோ ஒருத்தியைச் சுமந்துகொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தது.

மறுநாளே அதியமான்கோட்டைக்கு ஓடினாள். மாரப்பன் ஒரு தடவை பாடினால் போதும், போனில் பதிந்துகொண்டு வந்து ஒலிபரப்பிவிடலாம். வழியெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டு போனாள். மாரப்பனின் மனைவி கோவிந்தம்மாள் அவளைக் கண்டதும் வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"என்னம்மா பண்ணி வெச்சீங்க எம் மனுசனை? அவரு பாட்டு ரேடியோல வருதுன்னு பக்கத்துல குந்திக் கேட்டாரு. பாட்டு பாதியில நின்னுச்சு. எந்திரிச்சு வெளிய போனவரு, திரும்பி வந்து, 'உள்ள வரலாங்களா'ன்னு கேக்குறாரு. நாப்பது வருசம் வாழ்ந்தவ கிட்ட!"

மாரப்பன் கயிற்றுக் கட்டிலின் ஓரத்தில், முழங்கால் ஒட்டி, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பம்பை மூலையில் கிடந்தது. கலைமணி அவர் காலடியில் உட்கார்ந்தாள். அவர் காலையே பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, மலையேத்துப் பாட்டு ஒரே ஒரு தடவை. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

மாரப்பன் நிமிர்ந்தார். அந்தப் புன்னகை, மகிழினியின் முகத்தில் பார்த்த அதே புன்னகை, வெற்றிலைக் கறை படிந்த அவர் வாயில் விரிந்தது.

"எனக்குப் பாடத் தெரியாதுங்களே."

"அண்ணா!"

"அன்னிக்கே அனுப்பியிருந்தா போயிருப்போங்க. நீங்க வான்னீங்க, போன்னு சொல்லல. இப்ப வூடு பழகிடுச்சுங்க." அவர் அவள் கையை மெல்ல விலக்கினார். விரல்கள் ஈரமாக இருந்தன. "சோறு சூடாப் போடறாங்க."

வெள்ளிக்கிழமை வந்தது. மதியத்திலிருந்து மழை பிடித்துக்கொண்டது. நிலையத்துக்கு வேறு யாரும் வரவில்லை. வந்திருந்தாலும் கலைமணி திருப்பி அனுப்பியிருப்பாள். மாரப்பன் பாடாவிட்டால் போகட்டும், மலையேற்றை வெட்டும்போது எத்தனை தடவை கேட்டிருக்கிறாள், அது தனக்கே தெரியும், எந்த நேரத்தில் கூப்பிட்டோமோ அதே நேரத்தில் அதே அலைவரிசையில் தானே அனுப்பிவிடலாம் என்பதுதான் அவள் கணக்கு. கணக்கு என்று சொல்வதும் அதிகம். அவளிடம் வேறு ஒன்றும் இருக்கவில்லை. மைக்கைத் திறந்துவிட்டு, சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டு, குழந்தையைப் பதிவறைக்குள் கூட்டிப் போய்த் தன் எதிரில் உட்கார வைத்தாள். கற்பூரம் ஏற்றினாள். மஞ்சள் தண்ணீர் வைத்தாள். வெட்டுக்குப் பின்னாலிருந்த இரைச்சலை ஓடவிட்டுக் காதுக் கருவியை மாட்டிக்கொண்டாள், அந்த அழுகை கேட்கவேண்டும் என்பதற்காக. கேட்டது. முந்தாநாள் இருந்ததைவிட மெலிந்துபோயிருந்தது.

பாடினாள். பம்பை இல்லாமல் மேசையைத் தட்டிக்கொண்டு பாடினாள். "வந்த வழி பார்த்துப் போ தாயே, வச்ச பூ வாடுமுன்னே போ தாயே." குரல் நடுங்கி, பிசிறி, இரண்டு இடத்தில் நின்று, மறுபடி பிடித்துக்கொண்டது. எதிரிலிருந்த குழந்தை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது, கச்சேரி கேட்கிறவர்களைப்போல.

பாட்டு முடிந்தது. குழந்தை விழவில்லை.

"நல்லாப் பாடறீங்க" என்றது.

"போயிடு தாயே. சேலை எடுத்து வெக்கறேன். வருசா வருசம் பொங்கல் வெக்கறேன். எம் புள்ளையக் குடுத்துடு."

"எங்கீங்க போறது? பேரில்லாம வந்தேன். பேரில்லாம எந்த மலையில ஏறச் சொல்றீங்க?"

"பேரு என்ன பேரு வேணும்? சொல்லு, வெக்கறேன்."

கற்பூரம் அணைந்தது. குழந்தையின் நெற்றி முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. வெளியில் மழை, ஆனால் உள்ளே நனைய வழியே இல்லை.

"செத்தவங்க பேரு எனக்கு எதுக்குங்க?" என்றது அது. "உசுரோட இருக்கறவங்க பேரா ஒண்ணு குடுங்க. இந்தப் புள்ளைய வுட்டுடறேன்."

கலைமணிக்குப் புரிந்துவிட்டது. புரிந்த கணத்தில் எத்தனையோ பெயர்கள் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்தன, வெட்கமில்லாமல். பக்கத்து வீட்டம்மாள். கோவிந்தம்மாள். வஹிதா. குமார். ஆமாம், குமார்கூட. பெற்றவள் மனது அப்படித்தான் அலைந்தது. காதுக் கருவியில் அழுகை இப்போது விக்கல் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஒரு விக்கல். நீண்ட இரைச்சல். இன்னொரு விக்கல்.

"கலைமணி" என்றாள். "எம் பேரு. எடுத்துக்கோ."

இரைச்சல் நின்றது.

குழந்தை தொப்பென்று விழுந்தது. எழுந்தது. திருதிருவென்று விழித்தது. "அம்மா!" என்று வீறிட்டுக் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தது. அவளுடைய மகிழினி. மூக்கு ஒழுக, வாய் கோண, அவளுடைய மகிழினியேதான். கலைமணி இரண்டு கைகளையும் விரித்தாள்.

குழந்தை அவளைக் கடந்து போயிற்று.

திரும்பிப் பார்த்தாள். நாற்காலியிலிருந்து ஒருத்தி எழுந்து, காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். கலைமணியின் பச்சைச் சுடிதார். கலைமணியின் கை. கலைமணியின் முகம். அதில் அந்தப் புன்னகை. "அழுவாத கண்ணு, அம்மா இருக்கறனில்ல" என்றாள். கதவைத் திறந்து வெளியே போனாள். பதிவறைக் கதவு மூடிக்கொண்டது. விளக்கு அணைந்தது.

கலைமணி கதவில் மோதினாள். சத்தம் வரவில்லை. கண்ணாடியைக் குத்தினாள். சத்தம் வரவில்லை. பின்னால் யாரோ இருமினார்கள். இருட்டில் மாரப்பன் நின்றிருந்தார், கண்ணெல்லாம் வீங்கி. அவருக்குப் பின்னால் இன்னும் எத்தனையோ பேர், அவளுக்குத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும், சுவர் வரைக்கும். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு அன்ஜும் அழுதுகொண்டிருந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போன் அடித்தது. ஸ்பீக்கரில் வஹிதாவின் குரல்.

"அக்கா, ரேடியோல கேட்டேன். மகி எழுந்துட்டாளாக்கா? எம் புள்ளைக்கும் அப்பிடியே பண்ணட்டுமா?"

"பண்ணு வஹிதா" என்றாள் அவள், கலைமணியின் குரலில். "ஒண்ணுமில்ல. உம் பேரைச் சொல்லு, போதும். பக்கத்துல சொல்ல வேண்டியவங்களுக்கும் சொல்லு."

சொல்லாதே. சொல்லாதே வஹிதா. கலைமணி தொண்டை கிழியக் கத்தினாள். மாரப்பன் கத்தினார். எல்லோரும் கத்தினார்கள். மைக்கின் ஒலியளவு காட்டும் முள் துளிகூட அசையவில்லை.

அழுகை சட்டென்று நின்றது. மாரப்பனின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்த அன்ஜும் இல்லை. அந்த இடத்தில் வஹிதா நின்றுகொண்டிருந்தாள், கையில் போன் பிடித்த மாதிரியே விரல்களை மடக்கிக்கொண்டு, ஒன்றும் புரியாமல்.

கட்டுப்பாட்டு அறையில் கலைமணியின் முகத்தோடு இருந்தவள் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு, "மூஞ்சியத் தொடைச்சுக்க கண்ணு, வூட்டுக்குப் போலாம்" என்றாள். மகிழினி கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றாள். கலைமணி முழங்காலிட்டு, அந்த முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்து, கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்து, "மகி, மகி, மகி" என்றாள். குழந்தை நேராக அவள் கண்களையே பார்த்தது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டது. இருண்ட கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து, நெற்றியில் கலைந்திருந்த முடியை இரண்டு விரலால் ஒதுக்கிச் சரிசெய்துகொண்டு, சிரித்தது.